மேல்தாடை ஆபரேஷனுக்குப் பிறகு மூக்கு அகலமாகுமா? ஒரு தையல் போதுமா?

கேட்டவரின் நிலைமை இது: சிரித்தால் ஈறு அதிகமாகத் தெரிகிறது. கிளிப் போட்டுப் பல்லை ஒழுங்குபடுத்தியாகிவிட்டது. அடுத்து மேல்தாடையை மேலே ஏற்றி, கொஞ்சம் முன்னாலும் நகர்த்த லெஃபோர்ட் 1 (மேல்தாடை எலும்பை வெட்டி இடம் மாற்றும்) ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. ஏற்கெனவே செய்துகொண்ட ஒருவர் "மூக்கு அகலமாகிவிடும், பார்த்துக்கொள்" என்று பயமுறுத்தியிருக்கிறார். டாக்டரோ "உள்ளே ஒரு தையல் போட்டுவிடுவோம், கவலை வேண்டாம்" என்கிறார். தையலை நம்பலாமா, அல்லது அதே மயக்கத்தில் மூக்கையும் சேர்த்துச் சரிசெய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் அகலத்தைப் பற்றி மட்டும் கேட்பதாகத் தோன்றவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணாடியில் தெரிவது உங்கள் மூக்காகவே இருக்குமா என்பதுதான் உங்கள் கவலை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் கொஞ்சம் அகலமாகும். தையல் அதைக் குறைக்கும், முழுக்கத் தடுக்காது. தாடை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது, மூக்குக்கு அடியில் இருக்கும் எலும்பை அறுவை நிபுணர் எப்படிக் கையாளுகிறார் என்ற இரண்டும் அந்தத் தையலைவிட அதிகமாக உங்கள் மூக்கின் வடிவத்தைத் தீர்மானிக்கும். நான் வாய், முகம், தாடை அறுவை சிகிச்சை செய்பவன். பல வருடமாக இதே கேள்வியை நோயாளிகளிடமிருந்தும் அவர்களுடைய அம்மாக்களிடமிருந்தும் கேட்டுவருகிறேன். உங்கள் சிடி ஸ்கேனையோ முகத்தையோ நான் பார்க்கவில்லை என்பதால் கீழே எழுதுவது எல்லாமே பொதுவாகப் பொருந்துவதுதான்.

மூக்கைத் தொடாமலே மூக்கு மாறுவது ஏன் என்று முதலில் பார்ப்போம். மேல் உதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே உள்பக்கமாக ஒரு கடைவாய்ப் பல் பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை கீறுவோம். அதனால்தான் முகத்தில் தழும்பு இருக்காது. கீறிய பிறகு எலும்பை மூடியிருக்கும் சவ்வையும் அதோடு ஒட்டிய தசைகளையும் எலும்பிலிருந்து பிரித்து மேலே ஒதுக்குவோம். மூக்கு மடல்களை நடுவை நோக்கிப் பிடித்து வைத்திருக்கும் சிறு தசைகள் இந்த இடத்தில்தான் எலும்பைப் பற்றியிருக்கின்றன. அந்தப் பற்று விட்டதும் மடல்களின் அடிப்பகுதி கன்னத்துப் பக்கமாக விலகுகிறது. தாடை மேலே போனாலும் கீழே வந்தாலும் ஓரளவு அகலம் கூடுவதற்கு இதுதான் பொதுக் காரணம். அதன்மேல் வீக்கம் சேரும். முன்னால் நகர்ந்த எலும்பு மடலுக்கு அடியிலிருந்து தள்ளுவதும் சேரும். தையல் எதுவும் போடாமல் விட்டால் ஆய்வுகளில் வரும் சராசரி அகலிப்பு 2, 3 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. கேட்க அற்பமாகத் தெரியலாம். ஆனால் பெரியவர்களின் மூக்கு அகலமே சுமார் 35, 40 மில்லிமீட்டர்தான் என்பதால் முகத்தில் அது கண்ணுக்குத் தெரியும்.

அகலம் கதையின் ஒரு பாதிதான். மூக்கு நுனியும் மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் உள்ள கோணமும் மாறும். தாடை முன்னால் வந்தால் நுனியும் கொஞ்சம் முன்னால் வரும், லேசாக மேலே திரும்பும். மேலே ஏற்றினாலும் நுனி நிமிரும். உங்களுக்கு இரண்டு நகர்த்தலும் இருப்பதால் இரண்டும் ஒரே திசையில் கூடும். இதற்கு எதிராக, தாடையைக் கீழே இறக்கினாலோ பின்னால் தள்ளினாலோ நுனிக்கு அடியில் இருக்கும் ஆதாரம் குறைந்து அது தொங்கலாம். எத்துப்பல்லுக்காக முன்பக்கத் தாடையை மட்டும் பின்னால் நகர்த்தும் ஆபரேஷன் நம் ஊரில் நிறையவே நடக்கிறது. அதில் உதடு உள்ளே போவதால் மூக்குக்கும் உதட்டுக்கும் இடையிலான கோணம் விரியும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன ஆனது என்பதை வைத்து உங்களுக்கு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. உங்களை எச்சரித்தவருக்கு எந்தப் பக்கம் எத்தனை மில்லிமீட்டர் நகர்த்தினார்கள் என்று விசாரித்தீர்களா?

இங்கே என் சொந்த அபிப்பிராயம் ஒன்று. ஈறு தெரிவதற்காகத் தாடையை ஏற்றுபவர்களில் பலரை அகலத்தைவிட நுனி நிமிர்வதுதான் அதிகம் உறுத்துகிறது. நேராகப் பார்க்கும்போதே மூக்குத் துவாரம் தெரியும் மூக்கு ஏற்கெனவே இருந்தால் இதை முன்கூட்டியே பேசியாக வேண்டும். நுனி தொங்கிய மூக்காக இருந்தால் அதே மாற்றம் உங்களுக்குப் பிடித்துப்போகவும் வாய்ப்பு உண்டு. மிக ஒடுக்கமான மூக்கு உள்ளவருக்குக் கொஞ்சம் அகலமாவதும் அப்படித்தான். சிலரிடம் நான் தையலே வேண்டாம் என்று சொல்வதும் உண்டு.

சரி, அந்தத் தையலுக்கு வருவோம். சிஞ்ச் தையல் என்பார்கள். காலின்ஸ், எப்கர் என்ற இரண்டு அமெரிக்க நிபுணர்கள் 1982இல் இதை மேல்தாடை ஆபரேஷனுக்கென்று விவரித்து எழுதினார்கள். உதட்டின் உள்கீறல் வழியாகவே ஒரு மடலின் அடியில் உள்ள இறுக்கமான திசுவில் ஊசியைச் செலுத்தி, மறுபக்க மடலின் அடியிலும் அதேபோல் பிடித்து, இரண்டையும் நடுவை நோக்கி இழுத்து முடிச்சுப் போடுவது. சுருக்குப்பையின் கயிற்றை இழுப்பது போன்ற வேலைதான். இதில் கைத்திறன் எங்கே இருக்கிறது என்றால் சரியான திசுவைப் பிடிப்பதில். மேலோட்டமாகக் கொழுப்பையும் தளர்ந்த தசையையும் பிடித்தால் மேசையில் நன்றாக இறுகியது போலத் தெரியும், சில வாரத்தில் நூல் திசுவை அறுத்துக்கொண்டு தளர்ந்துவிடும். சரியான இடத்தைப் பிடித்திருக்கிறோமா என்று நூலை லேசாக இழுத்துப் பார்ப்போம். மடல் முழுதாக உள்ளே வர வேண்டும், வெறும் உதட்டுத் தோல் சுருங்கக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரே ஆழத்தில் பிடிக்காவிட்டால் மூக்கு ஒருபக்கம் கோணும். எப்படியும் கொஞ்சம் தளரும் என்பதால் பலர் சற்று அதிகமாகவே இறுக்கி விடுகிறார்கள்.

கரையாத நைலான், புரோலீன் நூலா, மெதுவாகக் கரையும் நூலா என்பதில் ஒவ்வொரு நிபுணருக்கும் ஒரு பழக்கம். கரையாத நூல் நெடுநாள் பிடிக்கும், ஆனால் எப்போதாவது முடிச்சு உள்ளே உறுத்திச் சீழ் வைத்து, எடுக்க வேண்டி வரும். வெளித்தோல் வழியாக ஊசியைச் செலுத்தி இன்னும் உறுதியாக மடலைப் பிடிக்கும் முறைகளும், மூக்கடி எலும்பில் துளையிட்டு அதில் நூலைக் கட்டும் முறைகளும் உண்டு. இவற்றில் எது சிறந்தது என்று ஆய்வுகளை ஒப்பிட்டுப் பார்த்தால் முடிவுகள் ஒத்துப்போவதில்லை. காரணம் புரிகிறது. நகர்த்திய அளவு ஒவ்வொருவருக்கும் வேறு, அளந்த காலம் வேறு, அளந்த இடமும் வேறு. தையல் அகலிப்பைக் குறைக்கிறது என்பதை உறுதியாகச் சொல்லலாம். இன்ன வகைத் தையல் போட்டால் பழைய அகலமே நிற்கும் என்று ஒருவர் உத்தரவாதம் கொடுத்தால் அதை நம்ப வேண்டாம். இன்னொரு விஷயத்தையும் யாரும் நோயாளிக்குச் சொல்வதில்லை. மடல்களை நடுவுக்கு இழுக்கும்போது மூக்கு நுனி இன்னும் கொஞ்சம் எழும்பலாம். நிமிர்ந்த நுனி உள்ளவருக்கு அகலத்தைக் கட்டுப்படுத்தப் போய் அடுத்த தொல்லையைக் கூட்டிவிட வாய்ப்பு இருக்கிறது.

ஆபரேஷன் மேசையில் அகலத்தைச் சரியாக அளப்பதும் சிரமம். பற்களின் கடியைச் சரிபார்த்துத்தான் தாடையை நிலைநிறுத்த முடியும், அதனால் மயக்கத்தில் மூச்சு கொடுக்கும் குழாயை வாய் வழியாகப் போட முடியாது. மூக்கு வழியாகத்தான் போடுவார்கள். அந்தக் குழாய் ஒரு மடலை விரித்து நுனியையும் இழுத்து வைத்திருக்கும். எதிரே இருப்பது நோயாளியின் உண்மையான மூக்கு இல்லை என்று தெரிந்தேதான் தையலை இறுக்குகிறோம். அதனால் ஆரம்பத்திலேயே, குழாய் போடும் முன்பே, மடலின் அகலத்தை அளந்து எழுதிவைத்துக்கொள்ளும் வழக்கம் உள்ள நிபுணர் எனக்கு நம்பிக்கை தருவார். சில இடங்களில் மோவாய்க்கு அடியில் சிறு கீறல் வழியாகக் குழாயை வெளியே கொண்டுவருவார்கள். மூக்கு அப்போது சுதந்திரமாக இருக்கும், பதிலுக்கு மோவாய்க்கு அடியில் ஒரு சின்னத் தழும்பு வரும்.

இனி எலும்பு வேலை. என்னைப் பொறுத்தவரை நோயாளிகள் கேட்க மறக்கும் பகுதி இதுதான். மூக்குத் துவாரங்களுக்கு நடுவில், அடியில், விரலால் அழுத்தினால் தட்டுப்படும் ஒரு சிறு எலும்பு முனை உண்டு. தாடையோடு அதுவும் முன்னாலும் மேலேயும் போனால் நுனியைக் கீழிருந்து தள்ளும். ஆகவே ஏற்றும்போதும் முன்னால் கொண்டுவரும்போதும் அந்த முனையைத் தேவையான அளவு குறைப்பது வழக்கம். அடியோடு வெட்டிவிடுவதும் தவறுதான், நுனிக்கு இருக்கும் ஆதாரமும் போய்விடும். மூக்குத் துவாரத்தின் எலும்பு விளிம்பையும் மூக்குத் தரையையும் செதுக்கி இடம் உண்டாக்குவது இன்னொன்று. தாடை 5 மில்லிமீட்டர் ஏறுகிறது என்றால் மூக்கின் அடித்தளமும் அவ்வளவு ஏறுகிறது. அந்த விளிம்பைக் குறைக்காமல் விட்டால் மடலின் அடி மேலேயும் வெளியேயும் தள்ளப்படும். இவை தவிர, அந்த எலும்பு முனையையும் அதில் பற்றியிருக்கும் தசைகளையும் தொடாமல் அதற்குக் கீழே எலும்பை வெட்டும் முறையும் இருக்கிறது. பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகர நிபுணர்கள் 1990களில் இதன் பலனை அளந்து எழுதினார்கள். யோசனை நல்லது. எல்லா முகத்துக்கும் எல்லா நகர்த்தலுக்கும் அது ஒத்துவராது.

மூக்குத் தண்டு என்று நாம் சொல்லும் நடுச்சுவர் இதைவிட முக்கியம். அது மேல்தாடையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தாடை ஏறினால் அதற்கு இடம் குறையும், ஏறிய அளவுக்குக் கீழ்ப்பகுதியைக் கத்தரிக்காவிட்டால் அது ஒருபக்கமாக வளையும். மூக்கு கோணுவதும் ஒரு துவாரம் அடைத்துக்கொள்வதும் பெரும்பாலும் இதனால்தான். அதனால் ஏற்றும் அளவைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கத்தரித்து, தாடை எலும்பில் அது உட்கார ஒரு பள்ளமும் எடுத்து, நடுவில் ஒரு தையலால் கட்டிவைப்போம். கடைசியில் மயக்க மருந்து நிபுணர் குழாயை உருவும்போது அதன் முனையில் உள்ள பலூன் நடுச்சுவரை இழுத்து நகர்த்திவிடக்கூடும். குழாய் வெளியே வந்ததும் நுனியை ஒருமுறை பார்த்து, விரலால் நடுச்சுவரைத் தொட்டு நிதானித்துவிட்டுத்தான் கையுறையைக் கழற்ற வேண்டும். உங்களுக்கு ஏற்கெனவே தண்டு வளைவு இருந்தால் ஒரு லாபம் உண்டு. தாடையைக் கீழே இறக்கித் திறந்த நிலையில் நடுச்சுவர் கண் முன்னால் இருக்கும், அதே நேரத்தில் நேராக்கிவிடலாம். இதை முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கென்று இஎன்டி டாக்டரிடம் தனியாக இன்னொரு ஆபரேஷன் தேவைப்படாமல் போகலாம்.

உதட்டைத் தைக்கும் விதமும் கணக்கில் வரும். கீறலை அப்படியே இழுத்துத் தைத்தால் மேல் உதடு சுருங்கி மெலிந்ததுபோல் ஆகும். நடுப்பகுதியை முன்னால் தள்ளி ஒய் எழுத்து வடிவில் மூடினால் உதட்டின் சிவந்த பகுதி காப்பாற்றப்படும். சிஞ்ச் தையலோடு இதைச் சேர்த்துச் செய்வதே இன்று பொதுவான பழக்கம்.

முன்கூட்டியே கணினியில் காட்டும் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எலும்பு எங்கே போய் நிற்கும் என்பதை இன்றைய திட்டமிடும் மென்பொருள்கள் நன்றாகவே காட்டுகின்றன. பக்கவாட்டுத் தோற்றத்தில் உதடும் மோவாயும் எப்படி வரும் என்பதையும் ஓரளவு சொல்கின்றன. மடலின் அகலமும் நுனியின் திருப்பமும்தான் அவற்றுக்குக் கடினம். தசைப் பிரிப்பு, தையல், உங்கள் தோலின் தடிமன் எதுவும் அந்தக் கணக்கில் முறையாக வருவதில்லை. படத்தைப் பேசுவதற்கு ஒரு ஆரம்பமாக வைத்துக்கொள்ளுங்கள், ஒப்பந்தமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதேபோல் மூக்கின் அகலம் இரண்டு கண்களின் உள்மூலைகளுக்கு நடுவிலான தூரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்ற பாடப்புத்தக விதியையும் உங்கள் மேல் ஏற்ற விடாதீர்கள். அது ஐரோப்பிய முகங்களை வைத்து எழுந்த அளவுகோல். நம் முகங்களில் பெரும்பாலும் மூக்கு அதைவிட அகலம், அதில் குறை ஒன்றும் இல்லை. உங்களுக்கு அளவுகோல் உங்களுடைய இன்றைய மூக்குதான். நேராக, இரு பக்கவாட்டில், கீழிருந்து மேலாக, சிரித்தும் சிரிக்காமலும் படம் எடுத்து வையுங்கள். சிரித்தால் எல்லோருக்கும் மடல் விரியும். ஆபரேஷனுக்கு முன் எடுத்த அமைதியான படத்தையும் பின் எடுத்த சிரித்த படத்தையும் ஒப்பிட்டு அழுதவர்கள் உண்டு.

மூக்குத்தி போட்டிருந்தால் ஆபரேஷனுக்கு முன் கழற்றியாக வேண்டும், பேச்சே இல்லை. பல வருடத்துத் துளை சில வாரத்தில் தூர்ந்துவிடாது, அண்மையில் குத்தியது மூடிக்கொள்ளலாம். புதிதாகக் குத்திக்கொள்ள எண்ணம் இருந்தால் எல்லாம் ஆறிய பிறகு குத்துங்கள். மடல் இருக்கும் இடமே கொஞ்சம் மாறப்போகிறது.

ஆபரேஷன் முடிந்த முதல் வாரத்தில் தெரியும் மூக்கைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அப்போது மூக்கு பார்ப்பதற்கு அகன்று தடித்து, சிலருக்கு வேறு ஆள் மாதிரியே இருக்கும். பெரும்பகுதி வீக்கம் முதல் சில வாரங்களில் வடியும். மூக்கடியிலும் உதட்டிலும் இருக்கும் மிச்சம் வடிய ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். டாக்டர் அனுமதிக்கும்வரை மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மவும். ஆரம்ப நாட்களில் மூக்கிலிருந்து லேசாக ரத்தம் கசிவது வழக்கம்தான். திடீரென்று நிற்காமல் கொட்டினால் அது எந்த நாளானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம், காலை வரை காத்திருக்க வேண்டாம். மூச்சு அடைக்குமோ என்ற பயம் பெரும்பாலும் தேவையில்லை. மடலின் அடி கொஞ்சம் விரிவதால் காற்று நுழையும் குறுகிய இடம் பலருக்கு இலகுவாகத்தான் ஆகிறது. நிறைய ஏற்ற வேண்டியிருந்தால் டர்பினேட் என்ற, மூக்கின் உள்பக்கச் சுவரில் புடைத்திருக்கும் மடிப்பைக் கொஞ்சம் குறைப்பார்கள்.

கடைசியாக, மூக்கையும் சேர்த்துச் செய்துகொள்ளலாமா என்ற கேள்வி. செய்ய முடியும். தாடையை நிலைநிறுத்திய பிறகு மூக்கிலிருந்து குழாயை வாய்க்கு மாற்றி மூக்கு வேலையைத் தொடங்கும் குழுக்கள் இருக்கின்றன, நல்ல முடிவும் கொடுக்கிறார்கள். மூக்கின் மேல்முதுகில் ஒரு புடைப்பு இருந்து அது உங்களை வெகுநாளாக உறுத்துகிறது என்றால் ஒரே மயக்கத்தில் முடிப்பதில் அர்த்தம் இருக்கிறது. மடல் அகலத்தைக் குறைக்க அடியில் ஒரு துண்டை வெட்டி எடுப்பது வேறு விஷயம். தாடை ஆபரேஷனால் எவ்வளவு அகலமாகும் என்பதே அன்று தெரியாது, வீங்கிய மூக்கில் எவ்வளவு வெட்டுவது என்பதை ஊகித்துத்தான் வெட்ட வேண்டும், வெட்டியதைத் திரும்ப ஒட்டவும் முடியாது. போதாமல் வெட்டினால் பிறகு இன்னும் கொஞ்சம் எடுக்கலாம், அதிகம் வெட்டினால் துவாரம் சுருங்கித் தழும்பும் தெரியும். அதனால் உங்கள் இடத்தில் இருப்பவருக்கு நான் சொல்வது: மேலே எழுதிய எலும்பு வேலையையும் நடுச்சுவரையும் தையலையும் முதல் ஆபரேஷனில் ஒழுங்காகச் செய்துகொள்ளுங்கள். குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம் விடுங்கள். பழைய படங்களை வைத்துக்கொண்டு அப்போதும் அகலம் உறுத்தினால் மடலைக் குறைக்கும் வேலையைத் தனியாக, மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டே செய்துகொள்ளலாம். என்னிடம் அதற்காகத் திரும்பி வருபவர்கள், முதல் மாதத்தில் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்களைவிட மிகக் குறைவு.